கறுத்த செபஸ்தியார்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். மற்றதெல்லாம் அப்புறம்தான். அந்தப் புதன்கிழமை மதியம் மேற்குத் தாம்பரம் வெள்ளிப் பட்டறையில் முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பாலிஷ் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இரண்டு காதும் சேர்ந்து சுட்டன. மெஷின் சூடு இல்லை. உள்ளே வந்து நின்ற ஃபிரெடி சார்தான் காரணம்.

ஃபிரெடி சார் எங்கள் கோயில் திருவிழாக் குழுவின் செயலாளர். கோயிலை ஒட்டிய வசதியான காலனியில் சொந்த வீடு, ரிட்டயர்டு ஆபீசர், இஸ்திரி கலையாத சட்டை. மூன்றடி தூரத்தில் நின்றும் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முகமூடியைக் கழற்றியிருந்தாலும் தெரிந்திருக்காது. எட்டு வருடமாக ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டை என் முன்னால் நீட்டுகிறவர் அவர். தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்பார், யார் போடுகிறார்கள் என்று பார்க்க மாட்டார்.

எங்கள் பங்குக் கோயிலில் புனித செபஸ்தியார் திருவிழா பொங்கலெல்லாம் முடிந்து ஜனவரிக் கடைசியில் கொடியேறும். ஒன்பது நாள் நவநாள் ஜெபம், பத்தாம் நாள் தேர்பவனி. தேரை ஆண்கள் தோளில் தூக்கவேண்டும். காலம் காலமாகக் காலனிக்காரர்கள்தான் தூக்கினார்கள். போன வருடம் பாதித் தெருவில் தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செபஸ்தியார் கீழே விழப்போனார். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற தோள்கள், பாவம். அதனால்தான் இந்த வருடம் ஃபாதர் பீடத்தில் நின்று அறிவித்தார்: காலனியில் இருபது பேர், பெரும்பாக்கம் குடியிருப்பில் இருபது பேர், நாற்பது பேரும் சகோதரர்களாகச் சேர்ந்து தூக்குவார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் நாற்பது பேருக்கும் அசல் தொண்ணூற்றிரண்டரை வெள்ளியில் செபஸ்தியார் டாலர் கொடுக்கிறது. கொடியேற்றத்தன்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கழுத்தில் போடப்படும்.

பெரும்பாக்கத்து இருபதில் என் வீட்டுக்காரர் சாலமோனும் ஒருவர். சிறுசேரி கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறார். நகரத்துக்குள் கால்வாய் ஓரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து போட்டு எட்டு வருடம் ஆகிறது. கோயிலில் எங்களுக்குக் கடைசி ஆறு பெஞ்சு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, ஆனாலும் கடைசி ஆறுதான். அறிவிப்பு வந்த அன்றைக்கு சாலமோன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தார். "பேர் சொல்லிக் கூப்புடுவாராம் ஜீவி. பீடத்துல ஏறணும். நாப்பது பேருக்கும் ஒரே மாதிரி" என்றார். அந்த 'ஒரே மாதிரி'யை அவர் அன்று நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

பட்டறையில் ஃபிரெடி சார் சாம்பிள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேர்ந்தெடுத்தார். குழந்தைகளுக்கான சின்னதைத் தள்ளினார், பெண்களுக்கான முட்டை வடிவத்தைத் தள்ளினார். "ஜென்ட்ஸ் போடறது சார். கையில எடுத்தா வெயிட் தெரியணும்" என்றார். எட்டு கிராமில் வட்டமானது பிடித்தது. மரத்தில் கட்டிவைத்த செபஸ்தியார், உடம்பில் மூன்று அம்பு. முதலாளி சுப்ரமணியன் சார் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னார்: ஆண்கள் டாலருக்கு ஓரத்தை நன்றாக மழுக்கவேண்டும், இல்லையென்றால் நெஞ்சு முடியைப் பிடித்து இழுக்கும். தேர் தூக்கும்போது கயிறு இழுபடும், அதனால் வளையத்தை இணைப்பு தெரியாமல் பற்றவைக்கவேண்டும். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஃபிரெடி சார் குரலைத் தாழ்த்தினார். மெஷினை நிறுத்திவிட்டு நான் எமரி பேப்பர் கிழித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இருபது பீஸ் மட்டும் ஸ்டெர்லிங் வெள்ளி போதும் சார். மீதி இருபது பித்தளையில வார்த்து மேல லேசா வெள்ளி முலாம் போட்டுடுங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கணும், அவ்ளோதான். வெள்ளி முத்திரை எதுலயும் வேண்டாம். பின்னாடி கோயில் பேரும் வருஷமும் அடிச்சிடுங்க."

"நாப்பதும் வெள்ளின்னு போன்ல சொன்னீங்களே சார்?"

"அந்த இருபது, பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு ஆளுங்களுக்கு. வெள்ளியக் குடுத்தா மறுநாளே அடகுக் கடைல இருக்கும், சாயங்காலம் டாஸ்மாக்ல இருக்கும். நமக்குத் தெரியாதா? அதுல மிச்சம் பண்ணா சீரியல் லைட்டாவது நல்லா போடலாம்."

சுப்ரமணியன் சார் ஒரு நிமிடம் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி சார்" என்றார். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் 'சரி சார்' சொல்வதைக் கேட்டுக் கேட்டே என் பாதி ஆயுள் போயிற்று.

சாலமோன் குடிக்கமாட்டார். குடித்தால்தான் என்ன? காலனியில் யாரும் குடிக்காமலா குப்பை லாரியில் அத்தனை பாட்டில் போகிறது? எழுந்து போய் அந்த இஸ்திரிச் சட்டையின் காலரைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. ஆறு வருட வேலை. தாம்பரத்தில் இந்தச் சம்பளத்துக்கு இன்னொரு பட்டறை கிடையாது. ஃபாதரிடம் சொல்லலாம் என்று பஸ்ஸில் மேடவாக்கம் வரைக்கும் யோசித்தேன். ஃபாதர் ஃபிரெடி சாரைக் கூப்பிட்டுக் கேட்பார். ஃபிரெடி சார், 'அந்தப் பொம்பளைக்குக் காதுல தப்பா விழுந்திருக்கு ஃபாதர்' என்பார். யார் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போனால் சாலமோன் கொடியேற்றத்துக்கு வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு அலசிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வார்ப்பு முடிந்து நாற்பது டாலரும் என் மேசைக்கு வந்தன. இடது பக்கம் வெள்ளி இருபது, வலது பக்கம் முலாம் பூசிய பித்தளை இருபது. சுப்ரமணியன் சார் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் குன்றத்தூர் போய்விட்டார். மலைக்கோயிலில் கல்யாணம், இரண்டு நாள் வரமாட்டார். "எல்லாம் பளபளன்னு பாலிஷ் போட்டு வை. வெள்ளிக்கிழமை ஃபிரெடி சார் வந்து வாங்கிப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வெள்ளிக்குக் கறுப்பு ஏற்றினேன்.

எங்கள் வேலையில் அது தப்பான காரியமே இல்லை. அசல் வெள்ளியைக் கந்தக மருந்துக் கரைசலில் முக்கினால் கறுத்துவிடும். பட்டறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் மெல்லத் தேய்த்து எடுத்தால் பள்ளங்களில் கறுப்பு நின்று உருவம் எழும்பி வரும். முகம், விலா எலும்பு, கயிற்று முறுக்கு, அம்பின் இறகு எல்லாம் தெரியும். ஆண்கள் டாலருக்கு இதைவிட நல்ல ஃபினிஷிங் கிடையாது. முலாம் பூசியதற்கு இதைச் செய்யமுடியாது. கறுப்பேற்றித் தேய்த்தால் முலாமும் சேர்ந்து போய் மஞ்சள் பித்தளை பல்லைக் காட்டும். ஆக, வெள்ளி கறுப்பாக நின்றது, பித்தளை பளபளவென்று நின்றது. வெள்ளியை வழக்கத்தைவிட அதிகமாகவே கறுப்பாக விட்டேன், மேடுகளைத் தொட்டும் தொடாமலும்.

என் கணக்கு சுலபமானது. பீடத்தில் நாற்பது பேர் நிற்கும்போது ஊருக்கே இரண்டு தினுசு தெரியும். 'ஏன் இரண்டு தினுசு?' என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லமுடியாமல் ஃபிரெடி சார் விழிப்பார். அதைக் கடைசி பெஞ்சிலிருந்து நான் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஃபிரெடி சார் அவசரமாக வந்தார். கொடியேற்றம் ஆறு மணிக்கு. இரண்டு பெட்டியையும் திறந்து வைத்தேன். அவர் முகம் சுருங்கிற்று.

"என்னம்மா இது? ஒரே மாதிரி இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. இது என்ன, அடுப்புல விழுந்த மாதிரி கருகிக் கிடக்கு?"

"சார் கல்யாணத்துக்குப் போயிருக்காரு சார்" என்றேன்.

கறுத்த டாலர் ஒன்றை இரண்டு விரலால் தூக்கினார், அழுக்குத் துணியை எடுக்கிற மாதிரி. பிறகு பளபளப்பதை ஒன்று எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் மலர்ந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"இது ஃபர்ஸ்ட் கிளாஸ். வெள்ளின்னா இதுதான் வெள்ளி. சரி விடு, நேரமில்ல. அவங்களுக்கு அது போதும். ஒரு வகைல நல்லதுதான், மாறிப்போகாது."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். 'சார், அதுதான் பித்தளை' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். 'அவங்களுக்கு அது போதும்' என்றது காதில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. முகமூடிக்குள்ளேயே வாயை மூடிக்கொண்டேன். பளபளப்பை அவரே பொறுக்கி எடுத்துக்கொண்டார், கறுப்பை எங்களுக்குத் தள்ளினார். நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் கேம்ப் ரோடு தாண்டும்வரை எனக்குள் ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஆறே முக்காலுக்கு நின்றது.

முதலில் காலனிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அசரியா, ஜோனத்தான் என்று வரிசையாகப் போய்க் குனிந்தார்கள். சீரியல் லைட் வெளிச்சத்தில் டாலர்கள் மின்னின. பிறகு தட்டு மாறியது. சாலமோன் பெயரைக் கூப்பிட்டதும் அவர் நீலம் போட்ட சட்டையில் பீடப்படி ஏறினார். கழுத்தில் விழுந்ததைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற ஜோனத்தானின் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி தன் நெஞ்சைப் பார்த்தார். ஃபாதர் ஃபிரெடி சாரிடம் ஏதோ கேட்க, அவர் காதில் ஏதோ சொல்ல, ஃபாதர் தலையசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். யாரும் விழிக்கவில்லை. எனக்கு ஆறு பெஞ்சு முன்னால் ஒரு காலனிக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "ஆளுக்கு மேட்சா குடுத்திருக்காங்க பாரு." இரண்டு பேரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாலமோன் டாலரைக் கழற்றி, பாத்திர அலமாரியில் காது உடைந்த ஒரு கப்புக்குள் போட்டார்.

"நமக்குன்னா கறுத்ததுதான். ஒரே மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்."

இதற்குத்தானே காத்திருந்தேன்! எல்லாவற்றையும் கொட்டினேன். கறுத்ததுதான் அசல் வெள்ளி, அவர்கள் கழுத்தில் தொங்குவது பித்தளை, ஃபிரெடி சாரே பொறுக்கி எடுத்தார், நான் வாயே திறக்கவில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சே வுட்டியா?"

"இன்னாங்க, வெள்ளி நம்மகிட்ட கீது!"

"வெள்ளியா இருந்தா இன்னா, தங்கமா இருந்தா இன்னா? அந்தாளு இத மட்டம்னு நெனச்சுத்தானே என் கழுத்துல போட்டான். மட்டம்னு நெனச்சுத்தானே அத்தினி பேரு பார்த்தாங்க. நான் குனிஞ்சு வாங்கிக்கினேன் ஜீவி. நீ பின்னால குந்திக்கினு வேடிக்கை பார்த்த."

எனக்கும் கோபம் வந்தது. பித்தளையைப் போட்டு ஏமாந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று கத்தினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நவநாளுக்குத் தினமும் போனார், வெறும் கழுத்தோடு. எனக்கு அவர்மேல் கோபம், ஃபிரெடி சார்மேல் கோபம், கைக்குட்டைக்காரிமேல் கோபம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் என்மேலேயே ஒரு கோபம். அதைத்தான் தாங்கமுடியவில்லை. அவரைப் பீடத்தில் ஏற்றிவிட்டு நான் என் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நவநாள் ஜெபம் முடிந்ததும் ஆண்கள் தினமும் வெறும் தேர்ச்சட்டத்தைத் தூக்கிப் பழகுவார்கள். வியர்வை கொட்டும். ஐந்தாம் நாள் ஜோனத்தானின் கழுத்தில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. அசரியாவின் டாலரில் வளையத்தருகே மஞ்சள் எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை ஃபிரெடி சார் பட்டறைக்கு போன் போட்டு முதலாளியிடம் கத்தினார். சுப்ரமணியன் சார் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கறுத்ததுதான் சார் வெள்ளி" என்றேன். முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். "அவரே மாத்தி எடுத்துக்கினாரு. நான் சொல்லல. நானும் பெரும்பாக்கம்தான் சார். அந்த இருபதுல என் வூட்டுக்காரரும் கீறாரு."

சுப்ரமணியன் சார் அதை அப்படியே ஃபிரெடி சாரிடம் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா சார்?"

அவர் போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டார். வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே ஃபிரெடி சார் எங்கள் பிளாக்குக்கு வந்தார். ஏழாவது மாடி. லிஃப்ட் மாதக்கணக்கில் ஓடவில்லை. கதவருகில் வந்து நின்றபோது இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் அதே பெட்டி. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"நான்தான் சார்."

அவர் என்னை விட்டுவிட்டு சாலமோன் பக்கம் திரும்பினார். "சாலமோன் பிரதர், ஒரு சின்ன மிஸ்டேக். பாக்ஸ் மாறிப்போச்சு. உங்க ஆளுங்ககிட்ட இருக்கறத வாங்கிக் குடுத்தீங்கன்னா, பளபளன்னு இருக்கறத நீங்களே வெச்சுக்கலாம். எல்லாத்தையும் நல்லா தொடச்சுக் கொண்டாந்திருக்கேன்." பெட்டியைத் திறந்து காட்டினார். எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'பிரதர்' அது.

சாலமோன் எழுந்து நடைவழிக்குப் போய்க் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் தன் மகனோடு வந்தாள். மேல் மாடியிலிருந்தும் கீழ் மாடியிலிருந்தும் தேர் தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கழுத்துகளில் கறுத்த டாலர்கள். அவ்வளவு பேரைப் பார்த்ததும் ஃபிரெடி சார் பெட்டியை மூடினார்.

"ஃபாதர் இன்னா சொன்னாரு சார்?" என்றார் சாலமோன். குரல் உயரவே இல்லை. "நாப்பதும் ஒண்ணுன்னு சொன்னாரு. ஒண்ணா கீறத எதுக்கு சார் மாத்தணும்?"

"இல்ல பிரதர், கலர்..."

"கலர்ல இன்னா சார் கீது? எங்களுக்குக் கறுப்பு மேட்சாத்தானே கீது. அன்னிக்கே சொன்னாங்களே."

அவருக்கும் அது கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பிரதர், பெருசு பண்ணாதீங்க. எல்லாம் கோயில் காரியம்."

"ஏழு மாடி ஏறி வந்துக்கிறீங்க. நாப்பதும் ஒண்ணுன்னா மாத்த ஒண்ணுமே இல்ல, எறங்கிப் போங்க. ஒண்ணு இல்லன்னா, எது இன்னான்னு இவங்க முன்னால சொல்லிட்டு மாத்துங்க. நானே இருபதையும் வாங்கிக் குடுக்கறேன்."

ஃபிரெடி சார் சுற்றிலும் பார்த்தார். படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அதற்குமேல் துடைக்க ஒன்றுமில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "இது பித்தளை. முலாம் போட்டது" என்றார். "உங்களுக்குன்னு... ஆர்டர் பண்ணது."

சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. ஒதுங்கி வழி விட்டார்கள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டுப் படிக்கட்டில் இறங்கினார். வெகுநேரம் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பொன்னியம்மாள் தன் மகனின் டாலரைக் கையில் ஏந்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீதானடி தேச்ச? உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுகினேவா எங்க புள்ளைங்களப் பீடத்துல கூனிக் குறுக வுட்ட?"

அந்த வார்த்தையை நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு சாலமோன் அலமாரியிலிருந்து அந்தக் காது உடைந்த கப்பை எடுத்துக் கவிழ்த்தார். டாலர் தரையில் விழுந்து உருண்டது. எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"குடுத்தப்ப இது என்னுது இல்ல" என்றார், என்னிடமா சுவரிடமா என்று தெரியவில்லை. "இப்ப அவன் கேட்டும் நான் குடுக்கல."

கயிற்றின் இரண்டு முனையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். ஐந்து நாளுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்:

"முடிச்சுப் போடு."

போட்டேன். காது இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.